சூட்டுத்தட்டு

அடுப்பு அணையாத வீட்டில் சுவருக்கும் லேசாகக் காய்ச்சல் அடிக்கும். ரொட்டிக்காரர் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் நடு அறைச் சுவரில் சாய்ந்துவிட்டுத் திடுக்கிட்டு விலகுவார்கள். வீட்டு ஆட்களுக்கு அது பழகிப்போயிருந்தது. மழைக்காலத்தில் ஈரத்துணியெல்லாம் அந்தச் சுவரில்தான் காயும்.

மூன்றே அறைகள். முன்னறை கடை. நடு அறையில் அடுப்பும் மாவு மேசையும். பின்னறையில் கட்டில், பெட்டிகள், குளிர்சாதனப் பெட்டி, ஒரு மரத்தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் ரொட்டிக்காரரும் அவர் மனைவி பெரியவளும் படுப்பார்கள். அந்தப் பக்கம் பெரியவளின் தங்கை சின்னவள். நடு அறையைத் தாண்டாமல் யாரும் படுக்கப் போக முடியாது. அதனால் அந்த வீட்டில் தலையணை உறையை உதறினால்கூட மாவு பறக்கும்.

அம்மா செத்தபோது சின்னவளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. பெரியவள் கல்யாணமாகி வந்தபோது ஒரு கையில் பெட்டியும் மறு கையில் தங்கையுமாக வந்தாள். ரொட்டிக்காரர் அன்று சொன்ன வேடிக்கையை இன்னும் அந்தத் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். "ஒரு பன்னு வாங்கினா ஒரு பன்னு சும்மான்னு கடையில எழுதி வச்சேன். அது எனக்கே பலிச்சிருச்சு."

அடுப்புக்கு மேலே சுவரில் அறைந்த இரும்புக் கம்பிகளின் மேல் ஒரு நீளப் பலகை உண்டு. அதற்குச் சூட்டுத்தட்டு என்று அவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். உருட்டிய மாவைத் தகர அச்சுகளில் போட்டு, அச்சுகளைப் பலகையில் வரிசையாக வைத்து, மேலே ஈரத்துணி போர்த்திவிடுவார்கள். கீழிருந்து ஏறும் சூட்டில் மாவு மெதுவாக உப்பி வரும். பலகையின் இடப்பக்கம் இதமான சூடு. வலப்பக்க மூலை புகைக்குழாயை ஒட்டியிருப்பதால் விரல் வைத்தால் எடுக்கத் தோன்றும். அங்கே மாவு வைக்க மாட்டார்கள். வெண்ணெய் உருக வேண்டும், உப்பு காய வேண்டும் என்றால் அந்த மூலை.

கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது பெரியவளின் கை. ரொட்டிக்காரர் வேகத்துக்கு ஆள், பக்குவத்துக்கு அவள். மேசை விளிம்பில் வயிற்றை முட்டுக்கொடுத்து, தோளிலிருந்து பலம் இறக்கிப் பிசைவாள். எத்தனையோ வருடமாக அவள் வயிறு பட்டுப் பட்டு விளிம்பின் அந்த இடம் மட்டும் வழவழவென்று ஆகியிருந்தது.

மார்பில் கட்டி என்று தெரிந்த பிறகும் அவள் அந்த இடத்தை விடவில்லை. புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, முகம் கழுவி, மாவைப் பிசைய நின்றாள். "இதுக்காக ரொட்டி உப்பாம இருக்குமா" என்றாள். மருந்து ஏற்றிவிட்டு வந்த நாட்களில் ரொட்டி வேகிற வாசனையே அவளுக்குக் குமட்டியது. அப்போதும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு நின்றாள். முடி கொட்டியதும் தலையில் மாவுத்துணியைச் சுற்றிக்கொண்டாள். அதைக் கடைக்கு முட்டை கொண்டுவரும் முட்டைக்காரர் பார்த்துவிட்டு, "முதலாளியம்மா இப்பத்தான் நெசமாவே ரொட்டிக்காரி மாதிரி இருக்கீங்க" என்றபோது அவளும்தான் சிரித்தாள்.

கட்டி சுருங்க ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மருந்தை முழு அளவில், தள்ளிப்போடாமல் ஏற்றி முடிக்க வேண்டும் என்றும் சொன்னார். ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் ரத்தத்தில் வெள்ளை அணு இறங்கிவிடும். அது திரும்ப ஏறுவதற்கு ஒரு ஊசி இருக்கிறது. மருந்து ஏற்றிய மறுநாளிலிருந்து சில நாட்கள், சாயங்காலம் சாயங்காலம், தோலுக்கு அடியில் போட வேண்டும். அதற்காகத் தினமும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியதில்லை, வீட்டில் ஒருவர் கற்றுக்கொண்டால் போதும்.

ரொட்டிக்காரர் ஊசியைப் பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, அடுப்புக்குள்ள கைய விடுறவரு இத்தனூண்டு ஊசிக்கு ஆடறீங்க" என்றாள் பெரியவள்.

"அடுப்பு நெருப்பு தெரிஞ்ச நெருப்பும்மா" என்றார் அவர்.

ஊசி அறையின் நர்ஸம்மா சின்னவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். குரல் கொஞ்சம் கடுகடுப்பு. ஆனால் சொன்னதையே திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பாள்.

"குளிர்பெட்டியில வச்சுக்கோ. போடறதுக்கு அரை மணி முன்னாடி வெளிய எடுத்து நிழல்ல வை. ஜில்லுன்னு போட்டா எரியும், தடிக்கும். அதுக்காகச் சுடுதண்ணில முக்கறது, வெயில்ல வைக்கறது எல்லாம் கூடாது. சூடே காட்டக் கூடாது. தானா குளிர் விடணும். எங்கே, சொல்லு."

சின்னவள் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

"ஒரே எடத்துல போடாத. இன்னைக்கு வயித்துல வலது பக்கம்னா நாளைக்கு இடது, அப்புறம் தொடை. தொப்புளை விட்டுத் தள்ளி. செவந்த எடத்துலயோ கெட்டியா இருக்கற எடத்துலயோ குத்தாத. போட்ட பிறகு தேய்க்காத, பஞ்சை வச்சு அழுத்து, போதும். அரிச்சா சொறியக் கூடாது, ஈரத்துணி வைக்கணும். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே ஓடியாந்துடணும்."

சின்னவளின் கை ஆடவில்லை. நர்ஸம்மா முதல் ஊசியை அவளையே போடச் சொன்னாள். போட்டு எடுத்ததும், "ஏம்மா, நீ எங்க இருக்க வேண்டிய ஆளு" என்றாள்.

வழியெல்லாம் சின்னவள் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நகக்கண்ணில் இருந்த மாவைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் முதல் சாயங்காலம் சொதப்பியது. கடையில் கூட்டம். ஊசியை முன்னதாக எடுத்து வைக்கச் சின்னவள் மறந்துவிட்டாள். வேளை தப்பக் கூடாதே என்று குளிரோடே போட்டாள். பெரியவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். சத்தமில்லாத அழுகை, வாயைக் கோணிக்கொண்டு. தடுப்புக்குப் பின்னால் நின்ற ரொட்டிக்காரர் அதைப் பார்த்துவிட்டார். அதற்கு முன் அவள் அழுது அவர் பார்த்ததே இல்லை.

"நாளைக்கு வேணாம்டி. என்னால முடியாது."

"நாளைக்கு வலிக்காதுக்கா. நான் பார்த்துக்கறேன்."

சொன்னபடியே மறுநாள் வலிக்கவில்லை. எறும்பு கடித்ததுபோல்கூட இல்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். பெரியவளுக்கு நம்ப முடியவில்லை. முட்டைக்காரரிடம் சொன்னாள், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். "என் தங்கச்சி கை ராசியான கைங்க. குத்தினதே தெரியாது." அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸம்மாவிடமும் பெருமையாகச் சொன்னாள். "இவளை இங்க வேலைக்கு எடுத்துக்கங்க. மாவுலயே கெடந்து வீணாப்போறா."

நர்ஸம்மா சின்னவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஊசி அறைக்கு உதவிக்கு ஒரு ஆள் வேணும்னுதான் கேட்டுட்டிருக்காங்க. நான் சொல்லி வைக்கிறேன்."

ஆனால் அன்றைக்கு வந்த ரத்தப் பரிசோதனை நன்றாக இல்லை. அணு ஏறவில்லை. மருந்து ஏற்றுவதைத் தள்ளிவைத்தார்கள். பெரியவளின் வயிற்றில் ஊசி போட்ட இடங்களெல்லாம் சிவந்து, நெல்லிக்காய் அளவுக்குத் தடித்து, தொட்டால் கெட்டியாக இருந்தன. போடும்போது வலிக்காத இடம் மறுநாள் அரித்தது, காந்தியது.

டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "உங்க உடம்பு இந்த ஊசிக்குச் சரியா பதில் சொல்லலை. அடுத்த சுற்றுக்கும் இப்படியே இருந்தா ஏத்துற மருந்தோட அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். வேற வழியில்லை."

"குறைச்சா கட்டி?"

"பார்க்கலாம்" என்றார் டாக்டர். பெரியவளுக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. கடன் கேட்டு வருகிறவர்களிடம் அவளே சொல்கிற வார்த்தை அது.

வீட்டுக்கு வந்ததும் சின்னவள்தான் ஆரம்பித்தாள்.

"மேசையில வயித்த முட்டுக்கொடுத்துப் பிசையறல்ல, அதான். ஊசி போட்ட எடத்தைப் போட்டு நசுக்கினா மருந்து எப்படிப் பரவும்? அங்கயே கட்டிக்கிட்டு நிக்குது."

பெரியவள் புருஷனைப் பார்த்தாள். ரொட்டிக்காரர் அடுப்புக் கதவைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒன்றும் வேகவில்லை.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அவ சொல்றதும் சரியா இருக்கலாம்மா. கொஞ்ச நாள் நிக்காம இரேன்."

அன்றே அவள் மேசையை விட்டாள். தன் உடம்பைத் தானே கெடுத்துக்கொண்டோம் என்ற எண்ணம் அவளை அரித்தது, ஊசி போட்ட இடத்தைவிட அதிகமாக. அடுத்த சுற்று மருந்து தள்ளி ஏறியது. ஊசியும் மறுபடி தொடங்கியது. அவள் கடையின் ஜன்னலோரம் ஒரு முக்காலியில் தளர்ந்த சட்டையோடு உட்கார்ந்து, வயிற்றில் எதுவும் படாமல், கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வேலை இல்லாத கையைப் பார்க்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ரொட்டியும் கெட்டது. முட்டைக்காரர் ஒரு பன்னை எடுத்து ஜன்னல் கட்டையில் தட்டிக் காட்டினார்.

"கேக்குதா? என் முட்டைகூட இந்தச் சத்தம் போடாது."

"எம் புருஷன் கை அவசரக் கை. ரெண்டு தடவை புரட்டிப் போட்டுட்டு அச்சுல அடைச்சிடுவாரு."

"நீங்க ஒரு எட்டு போய்ப் பார்க்கக் கூடாதா? கை வைக்க வேணாம். வாயாலயாவது பிசைங்க."

அவர் வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் அவர் சைக்கிள் கிளம்பிப் போனதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்கால ரொட்டிக்கு மாவு ஏறிக்கொண்டிருக்கும் நேரம். ரொட்டிக்காரர் பின்வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். சின்னவள் குளியலறையில். பெரியவள் நடு அறைக்குப் போய், சூட்டுத்தட்டுக்கு நேரே நின்று, ஈரத்துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். மாவு சோம்பிக் கிடந்தது. விரலால் தொட்டுப் பார்த்து, முகத்தைச் சுளித்து, துணியைப் பழையபடி போட்டாள்.

அப்போதுதான் கவனித்தாள். துணி அச்சுகளோடு முடியவில்லை. வலது மூலை வரைக்கும் நீண்டிருந்தது. அங்கே அச்சு இல்லை. அச்சு இல்லாத இடத்துக்குத் துணி எதற்கு?

தூக்கினாள். புகைக்குழாயை ஒட்டி, அன்றைய ஊசி கிடந்தது. மருந்து அடைத்து, மூடி போட்டு, மேலுறைகூடப் பிரிக்காமல்.

எடுத்ததும் விரலில் சுட்டது. தாங்க முடியாத சூடு இல்லை. ஆனால் சூடு. கண்ணாடிக்குள் மருந்து தண்ணீர் போலத் தெளிவாக, ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது. அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முதல் சாயங்காலத்தின் குளிரும் அழுகையும் நினைவுக்கு வந்தன. அப்புறம் வந்த வலிக்காத சாயங்காலங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ராசியான கை என்று தெருவெல்லாம் சொன்னது வந்தது.

பிறகு துணியைப் பார்த்தாள். ஓரம் உள்பக்கமாக மடக்கி, மூலையை ஒரு தட்டுத் தட்டி விட்டிருந்தது. சின்னவள் துணி போட்டால் வீசி எறிந்ததுபோல் இருக்கும். இப்படி மடக்குகிற கை அந்த வீட்டில் ஒன்றுதான்.

ரொட்டிக்காரர் ஒரு கட்டு விறகோடு உள்ளே வந்தார். அவள் கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, ஈஸ்டு கரைக்கத் தண்ணி எவ்வளவு சூடு இருக்கணும்?"

"இதென்ன கேள்வி. உள்ளங்கை பொறுக்கற சூடு."

"அதுக்கு மேல போனா?"

"செத்துப்போகும். அப்புறம் நாள் முழுக்க வச்சாலும் மாவு கல்லாட்டம் கெடக்கும். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, நீதான…" என்றவர் நிமிர்ந்தார்.

அவள் கையை நீட்டினாள்.

"தொட்டுப் பாருங்க."

அவர் தொடவில்லை. விறகைக் கீழே வைத்தார். கையை இடுப்புத் துணியில் துடைத்தார். சுத்தமான கையை இன்னொரு தடவை துடைத்தார்.

"நீ அழுதம்மா" என்றார். "என்னால பார்க்க முடியல. மறுநாளும் அவ எடுத்து வைக்க மறந்துட்டா. கொஞ்ச நேரம் தட்டு மேல வையின்னு நான்தான் சொன்னேன். இடது பக்கம்தான் சொன்னேன்."

"இது வலது மூலையில இருந்துச்சு."

"சீக்கிரம் குளிர் விடும்னு அவ…"

"துணி நீங்க போட்டது."

அவர் விறகைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"மடிப்பு உங்களுது. மூடி வைக்கத் தெரிஞ்சிருக்கு. அப்ப, மூடணும்னும் தெரிஞ்சிருக்கு."

ரொட்டிக்காரர் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "அணு ஏறலைன்னு சொன்னாங்களே, அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. அவளைத் தனியா கூப்பிட்டுக் கேட்டேன். நர்ஸம்மா சூடு காட்டாதன்னு சொன்னது நெசம்தான் மாமா, ஆனா இது வெறும் வெதுவெதுப்பு, இதுல ஒண்ணும் ஆவாதுன்னா. நானும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டேன்."

"நெனைச்சுக்கிட்டீங்க. சரி. அதுக்கப்புறமும் ஏன் வச்சீங்க?"

அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "நிறுத்தினா வலிக்கும். திடீர்னு வலிச்சா ஏன்னு நீ கேப்ப."

அவளுக்கு முதலில் அது புரியவில்லை. புரிந்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடம் அந்த வழவழப்பான இடம்.

"மேசை மேல பழியப் போட்டாளே. நீங்க அடுப்புக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நின்னீங்களே."

"நீ ஓய்வா இருந்த மாதிரியும் ஆச்சேன்னு…"

"எனக்கு ஓய்வு குடுத்தீங்களாக்கும்."

குளியலறைக் கதவு திறந்தது. சின்னவள் ஈரத்தலையோடு பஞ்சு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, இன்னைக்கு எந்தப் பக்கம்? இடது தொடையில போட்டுடலாமா?"

பெரியவள் ஊசியை மேசை மேல் வைத்தாள். சின்னவள் அதைப் பார்த்தாள், சூட்டுத்தட்டைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதைப் பெரியவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் பயம், அப்புறம் கணக்கு, அப்புறம்தான் அழுகை.

"அக்கா, உனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான்…"

"அதை இவரு சொல்லிட்டாரு. நீ உன்னுதைச் சொல்லு."

"கடையும் பார்த்துக்கிட்டு, அரை மணி முன்னாடி எடுத்து வைக்கணும்னு எனக்கு எங்க ஞாபகம் இருக்கும்? நீ வேற ராசி ராசின்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிட்ட. நான் எப்படிக்கா அதுக்கப்புறம்…"

"ஆமாண்டி. நான்தான் சொன்னேன்."

"இனிமே சரியா போடறேன். சத்தியமா. ஆஸ்பத்திரியில மட்டும் சொல்லிடாத. அந்த வேலை அடுத்த வாரம் முடிவாகுது. இந்த வீட்டை விட்டு நான் ஒரு நாளாவது மாவு ஒட்டாத துணி போட்டுக்கிட்டு வெளிய போகணும்கா. நர்ஸம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை அந்த வாசல்லயே ஏத்த மாட்டாங்க."

"சொல்லலைன்னா அவங்க என்ன நெனைப்பாங்க? என் உடம்பு பதில் சொல்லலைன்னுதான நெனைப்பாங்க? மருந்தைக் குறைச்சிடுவாங்களேடி."

சின்னவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கொஞ்சம் குறைச்சா என்னக்கா ஆயிடப்போவுது. கட்டிதான் சுருங்கிக்கிட்டு இருக்குல்ல."

அடுப்பில் ஒரு விறகு வெடித்தது. பெரியவள் அந்தச் சொல்லைக் காதுக்குள் திரும்ப ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதுபோல் நின்றாள். பால்பல் விழுந்தபோது அந்த வாயைத் திறந்து பார்த்தவள் அவள்தான்.

அன்றைக்கு ஊசி போட்டுக்கொள்ளவில்லை. சின்னவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. முட்டி முட்டி அழுத ரொட்டிக்காரருக்கும் சமாதானம் சொல்லவில்லை. எப்போதும் யாராவது அழுதால் அவள்தான் போய்த் தட்டிக்கொடுப்பாள். அன்றைக்கு அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாமல் போயிற்று.

மறுநாள் காலை அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். வர வேண்டாம் என்று சொல்லியும் சின்னவள் பின்னாலேயே வந்தாள். பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இரண்டு தடவை "அக்கா" என்றாள். பெரியவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஊசி அறையில் நர்ஸம்மா வேறொருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும், "என்ன, ரெண்டு பேரும் நாள் தப்பி வந்திருக்கீங்க" என்றாள்.

பெரியவள் கைக்குட்டையைப் பிரித்து ஊசியை மேசை மேல் வைத்தாள். "இதை அடுப்பு மேல வச்சிருந்தாங்க. வலிக்கக் கூடாதுன்னு. முதல் நாளைத் தவிர வீட்டுல போட்டது எல்லாமே அப்படித்தான். இந்தச் சுற்றும்."

நர்ஸம்மா ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கீழே வைத்தாள். சின்னவள் பக்கம் திரும்பினாள்.

"நான் என்ன சொல்லிக்கொடுத்தேன்?"

"அக்காதான் வலி தாங்க மாட்டேன்னு அழுதாங்க" என்றாள் சின்னவள். "வேண்டவே வேண்டாம்னாங்க. நான் என்ன செய்ய?"

பெரியவள் தங்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. கைக்குட்டையை நாலாக மடித்தாள். "ஆமா. அழுதேன்" என்றாள். "அது நெசந்தான்."

"அழுதா எங்கிட்ட வந்து சொல்லணும்" என்றாள் நர்ஸம்மா. "வலிக்குதுன்னா அதுக்கு வழி இருக்கு. குத்தறதுக்கு முன்னாடி அந்த எடத்துல துணி சுத்தி ஐஸ் வைக்கலாம், மரத்துப்போக களிம்பு இருக்கு. எத்தனை பேர் அழறாங்க. சூடு பட்ட மருந்தை நம்ப முடியாது. பார்க்க நல்லாத்தான் இருக்கும், உள்ள வேலை செய்யுதா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?" அவள் பெரியவளின் சட்டையை விலக்கிப் பார்த்து, சிவந்த இடங்களைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டாள். "இந்தக் கோட்டைத் தாண்டிச் சிவப்பு வந்தா உடனே வரணும். இது அடங்கற வரைக்கும் வயித்துல வேண்டாம், தொடைதான்."

டாக்டரிடம் நர்ஸம்மாவே போய்ச் சொன்னாள். டாக்டர் வந்து ஒரே ஒரு வரிதான் சொன்னார். "அப்போ ஒரு சுற்று ஊசிகூட உங்களுக்கு இன்னும் ஒழுங்கா போட்டுப் பார்க்கலைன்னு சொல்லுங்க." அளவைக் குறைக்கிற பேச்சை அப்போதைக்கு நிறுத்திவைத்தார். புதிய ஊசிகள் கொடுக்கச் சொன்னார். போட்டு முடித்ததும் ரத்தம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்.

"யாரு போடுவாங்க?" என்று கேட்டாள் நர்ஸம்மா. "வேற ஆள் இருக்காங்களா வீட்டுல?"

"நான்" என்றாள் பெரியவள்.

வேலையைப் பற்றி நர்ஸம்மா ஒன்றும் சொல்லவில்லை. சின்னவளும் கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும் சின்னவள் வாசலில் நின்று அந்த அறையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் பெரியவள் ஊசியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, கடை ஜன்னலின் நிழல் விழும் பக்கம் வைத்து, பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போக மாட்டாள்.

"என்ன முதலாளியம்மா, அதுக்குக் காவலா?" என்றார் முட்டைக்காரர்.

"ஆமா."

"யாரு தூக்கிட்டுப் போவா இதை?"

"வெளியாளு யாரும் தூக்க மாட்டாங்க" என்றாள் அவள். முட்டைக்காரர் உள்ளே ரொட்டிக்காரரைப் பார்த்தார். ரொட்டிக்காரர் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். வேடிக்கைக்கு இடம் இல்லை என்று புரிந்துகொண்டு அவர் முட்டைகளை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

முதல் நாள் தொடைச் சதையைக் கிள்ளிப் பிடித்தாள். ஊசியைப் பிடித்த கை பாதி வழியில் நின்றுவிட்டது. மாவைக் கிள்ளத் தெரிந்த கைக்குத் தன் சதையைக் குத்தத் தெரியவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு இறக்கினாள். வலித்தது. அழுகிற அளவுக்கு இல்லை, ஆனால் நன்றாக, கூர்மையாக வலித்தது. பஞ்சை வைத்து அழுத்தி, தேய்க்காமல், அந்த வலி போகிற வரைக்கும் அதைக் கவனித்தபடி உட்கார்ந்திருந்தாள். இந்த வலியை அவளால் நம்ப முடிந்தது.

ரத்தம் பார்த்தபோது அணு ஏறியிருந்தது. மருந்து முழு அளவில் ஏறியது. வயிற்றுத் தடிப்புகள் மெல்ல அமுங்கி, பேனாக் கோடுகள் மட்டும் கொஞ்ச நாள் தங்கி, அவையும் போயின. பெரியவள் மேசைக்குத் திரும்பினாள். ரொட்டிக்காரர் அவள் இடத்தை விட்டு நகர்ந்து கொடுத்தார். அவர்கள் பேசிக்கொள்ளாமல் இல்லை. உப்பு, விறகு, தண்ணீர் பற்றிப் பேசினார்கள். சூட்டுத்தட்டுக்குத் துணி போடுவது மட்டும் அவள் வேலை என்று ஆயிற்று. அவள் எதையும் மடக்கவில்லை. மூலையைத் திறந்தே விட்டாள்.

அடுத்த சுற்றின் ஒரு சாயங்காலம். ஜன்னல் நிழலில் ஊசி குளிர் விட்டுக்கொண்டிருந்தது. பெரியவள் தொடையில் ஈரத்துணிக்குள் ஐஸ் சுற்றி வைத்திருந்தாள். சின்னவள் வந்து கதவோரம் நின்றாள். கை கழுவியிருந்தாள். நகக்கண் சுத்தமாக இருந்தது. கையில் பஞ்சு.

"அக்கா. இன்னைக்கு நான் போடட்டுமா?"

பெரியவள் ஐஸை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அங்கயேதான இருக்கு. நீயேதான் பார்த்துக்கிட்டு இருக்க. நான் தொடவே இல்ல. குத்தறது மட்டும்…" சின்னவள் ஒரு எட்டு உள்ளே வந்தாள். "நீ தயங்கித் தயங்கிக் குத்திக்கறதை என்னால பார்க்க முடியலக்கா."

பெரியவள் ஊசியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். குளிரும் இல்லை, சூடும் இல்லை. மூடியைக் கழற்றினாள். சதையைக் கிள்ளிப் பிடித்தாள்.

"வேணாம்டி" என்றாள். "உன் கையில வலிக்காது."